கடல் மீனுக்கு ஏற்ற தொட்டி

கடலில் பிறந்த மீனுக்கு நீர்க்குறைவு என்பது தெரியாது. பவளத்திட்டின் ஓரத்தில் வாழும் சிறு மீன் வெளிவிடும் கழிவை, அலையும் நீரோட்டமும் உடனுக்குடன் கொண்டுபோய்விடுகின்றன. அங்கு நீரின் உப்பும் உஷ்ணமும் ஒரு நாளிலிருந்து மறுநாளைக்குப் பெரிதும் மாறுவதில்லை. அத்தகைய மீனைப் பள்ளியின் விஞ்ஞானக் கூடத்திலோ வீட்டிலோ ஒரு கண்ணாடித் தொட்டியில் விடும்போது, கடல் இயல்பாகச் செய்துவந்த வேலை யாவும் சில லிட்டர் நீரின் மேல் விழுகிறது. புதிதாக வளர்க்கத் தொடங்குவோரின் தொட்டிகளில் மீன்கள் மடிவதற்கு, தொட்டியின் சிறுமை ஒரு முக்கியக் காரணமாகும். ஆகையால் தொட்டியின் அளவை முதலில் தீர்மானித்து, அதன் பின்னரே மீனை வாங்குதல் முறை.

நன்னீர்க் கணக்கு பொருந்தாது

மீனின் உடல் நீளத்தைக் கொண்டு, ஓர் அங்குலத்திற்கு ஒரு காலன் நீர் என்று கணக்கிடும் வழக்கம் நன்னீர் மீன் வளர்ப்போரிடம் உண்டு. கடல் மீனுக்கு இக்கணக்கு பொருந்தாது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பிராணவாயு. 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.2 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். ஆயிரத்திற்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீரிலோ சுமார் 6.7 மில்லிகிராம்தான் கரையும். உஷ்ணம் ஏற ஏற இதுவும் குறையும்.

இரண்டாவது, அம்மோனியா. மீனின் செவுள்களிலிருந்து வெளிப்படும் இக்கழிவுப்பொருள் நீரில் இரு வடிவங்களில் காணப்படும். அவற்றுள் ஒன்றே கொடிய நஞ்சு. நீரின் பி.எச். எண் ஒன்று கூடினால், நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். நன்னீரின் பி.எச். எண் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியும், கடல்நீரில் 8.2-ஐ ஒட்டியும் இருப்பதால், நன்னீர் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு கழிவு கடல் மீனைக் கொன்றுவிடக்கூடும்.

மூன்றாவது, எடை. மீனின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. தின்னும் இரையும் விடும் கழிவும் நீளத்தை அன்றி எடையையே பெரிதும் சார்ந்தவை. ஆகவே 5 செ.மீ. நீளமுள்ள இரு மீன்களும், 10 செ.மீ. நீளமுள்ள ஒரு மீனும் ஒரே கணக்கில் சேரா.

நீர் வற்றும்போது நேர்வது

நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. 25 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் நீர்மட்டம் 2 செ.மீ. தாழ்ந்தால், 35-ஆக இருந்த உப்பின் அளவு 38-ஆக உயரும். 50 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் அதே 2 செ.மீ. தாழ்ந்தால் அது 36.5 அளவிலேயே நிற்கும். விடுமுறை நாட்களில் கவனிப்பாரின்றி இருக்கும் பள்ளித் தொட்டிக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. வற்றிய அளவை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டுமேயன்றிக் கடல்நீரை ஊற்றலாகாது. நன்னீர் விட்டு மட்டத்தைச் சரிசெய்தபின், திரவமானியைக் கொண்டு உப்பின் அளவைச் சோதித்தல் நலம்.

ஆனால் ஆழத்தை மட்டும் கூட்டுவதும் தவறு. பிராணவாயு நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாகவே. உயர்ந்து குறுகிய தொட்டியைவிட, அதே கொள்ளளவுடைய நீண்டு அகன்ற தொட்டியில் மேற்பரப்பு மிகுதி. மீன் நீந்துவதற்கான இடமும் மிகுதி.

மீனின் குணம் அறிதல்

கடையில் காணும் மீன் பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தது. தொட்டியோ முழு வளர்ச்சியுற்ற மீனுக்கு அமைய வேண்டும். நீலச் சர்ஜன் மீன் விரலளவில் விற்கப்படினும் சுமார் 30 செ.மீ. வரை வளரக்கூடியது, பவளத்திட்டுகளில் இடையறாது நீந்தித் திரிவது. இதற்கு 180 செ.மீ. நீளமும் 600 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் உள்ள தொட்டி தேவை. ஆகவே சிறிய பள்ளிகளுக்கு இது உகந்ததன்று.

கோமாளி மீனின் குணம் வேறு. அது கடற்சாமந்தியைப் புகலிடமாகக் கொண்டு, அதைவிட்டு அதிக தூரம் செல்லாமல் வாழ்வது. அந்தமான் கடற்பகுதியில் காணப்படும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் பொதுவாக 8 செ.மீ. அளவினது, 11 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை. தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலே அது நன்கு வாழும். ஓர் இணைக்கு 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டி ஏற்றது. சுமார் 16 செ.மீ. வரை வளரும் சீபே கோமாளி மீனுக்கு 200 லிட்டர் தொட்டி வேண்டும்.

இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. இணை சேர்ந்தபின் அவை தம் எல்லையைக் காத்து நிற்கும். சிறிய தொட்டியில் மூன்றாவது மீனை விட்டால் அது துரத்தப்பட்டு நலியும். இடம் வீணாகிறதே என்று எண்ணி மீன்களைக் கூட்டுதல் கூடாது.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் இனங்கள் பலவற்றைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை வகுத்துள்ளது. பவளத்திட்டில் பிடித்த மீனைவிடப் பொரிப்பகக் குஞ்சு தொட்டி வாழ்வுக்கும் உலர் தீனிக்கும் பழகியது. அதை வாங்குவதால் கடலின் மீன்வளமும் குறைவதில்லை.

கணக்கிடும் முறை

தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ. அளவில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மேற்கூறிய கோமாளி மீன் தொட்டி 118 லிட்டர் கொள்ளும். மணல், கற்கள், மேல் விளிம்பில் விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் சுமார் 95 லிட்டர் நீரே எஞ்சும்; கணக்கில் கொள்ளத்தக்கது இதுவே. அழகுக்காகக் கரையிலிருந்து பவளக்கற்களை எடுத்துவரலாகாது. அவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்பட்டவை.

ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ எடையுள்ளது. எனவே கண்ணாடியும் மணலும் சேர்ந்து இச்சிறு தொட்டியே 120 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் மேடையை முன்னரே அமைக்க வேண்டும். மாணவர்களைக் கொண்டே இக்கணக்குகளைச் செய்விக்கலாம்.

தொட்டியில் நீரை நிரப்பிய அன்றே மீனை விடலாகாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று கண்டபின் முதல் இணையை விட வேண்டும்.

இடமும் பணமும் 60 லிட்டருக்கு மேல் இடந்தராவிடில், கடல் மீனை விடுத்து நன்னீர் மீனை வளர்ப்பதே தக்கது. நலமுடன் வாழும் கப்பி மீன் கற்பிக்கும் பாடத்தை, மூச்சுத் திணறும் கடல் மீன் கற்பிக்க இயலாது.