தலை கவிழ்ந்த காசு

அருங்காட்சியகங்களில் காசுகளுக்கென்று தனி அறை இருக்கும். அநேகமாக ஆளில்லாத அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் துணி விரித்து வரிசையாகக் காசுகள். கீழே அட்டை: மன்னன் பெயர், ஆட்சியாண்டு, உலோகம், எடை. காசுக்கு இரண்டு பக்கம். பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும் காசுக்கு ஒரு பக்கம்தான், பெரும்பாலும் தலை இருக்கிற பக்கம். எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பது அப்பாவித்தனமான தேர்வு அல்ல. வம்சாவளிக் கதையாடலுக்குச் சான்று தேடும் வேலையாகத்தான் நாணயவியல் நமக்கு வந்து சேர்ந்தது. காசை ஒரு பிரதி என்று கொண்டால், இந்த அறையில் ஆசிரியன் மட்டும் இருக்கிறான். அதைக் கூலியாக வாங்கியவள், முந்தானையில் முடிந்தவள், தொலைத்துவிட்டுத் தேடியவள் ஒருத்தியும் இல்லை.

சில சமயம் காசு வேறு கூடத்தில் எதிர்ப்படும். எலும்புக்கூட்டின் பக்கத்தில், நகைகளுக்கு நடுவில், உளுத்த மரத்தோடு. காசைப் பார்க்க வேண்டும் என்று நாம் போயிருக்கவே மாட்டோம். அங்கேதான் அது பேச ஆரம்பிக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கருகே, தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் 1962இல் ஒரு பழங்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. ரோமானியர் ஆட்சிக் காலத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டடக் கல் ஏற்றி வந்து மூழ்கிய சரக்குக் கப்பல். அதன் பாய்மரத்தின் அடி செருகி நிற்கும் குழிக்குள் ஒரு வெண்கலக் காசு. பேரரசன் டொமிஷியன் காலத்தில், கி.பி. 88-89இல் ரோமில் அடித்தது. ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சுனா, கையில் கப்பல் சுக்கானோடு. வைத்தவர் தேவதையை மேலே பார்க்க வைத்திருக்கிறார். மன்னன் முகம் மரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

டொமிஷியனை 96இல் கொன்றுபோட்டார்கள். அவன் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுக்கச் சொல்லி செனட் உத்தரவிட்டது. கப்பல் கட்டியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. அரசே அழிக்கச் சொன்ன ஒருவனின் தேய்ந்த காசை அந்தத் தச்சன் (நம்ம கடற்கரையில் ஓடாவி என்பார்கள்) எடுத்திருக்கிறான். சுக்கான் இருக்கிறதே என்று பார்த்து எடுத்ததாகத்தான் நான் வாசிக்கிறேன். வீட்டுக்கு நிலை வைக்கும்போது நாமும் அடியில் காசு போடுகிறோம். செத்தவர் நெற்றியில் ஒட்டுகிறோம். அந்த ரூபாயில் இருப்பது சிங்கமா, ஜார்ஜ் மன்னரா என்று சாவு வீட்டில் யார் பார்த்தாங்க?

இதை உடனே 'எதிர்ப்பு' என்று எழுதிவிட நம்மில் சிலருக்குக் கை பரபரக்கும். வேண்டாம். அவன் பேரரசை எதிர்க்கவில்லை. பேரரசு அவன் காரியத்துக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளிலும் இதே சபலம் வரும். பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. பார்த்தால் கோபம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் பலரும் ஏற்கும் விளக்கம் வியாபாரம் சார்ந்தது: இது இனி நாணயம் இல்லை, எடைக்குத் தங்கம் என்று காட்டும் வெட்டு. எனக்கு இது கோபத்தைவிடச் சுவாரஸ்யமாகப் படுகிறது. ரோமின் தலை இங்கே செல்லாது, தங்கம் செல்லும்.

குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை கிளியின் அலகில் ஒரு வேப்பம்பழத்தைக் காட்டுகிறாள். புது நூலில் கோப்பதற்காக நக நுனியில் பிடித்த பொற்காசு மாதிரி இருக்கிறதாம். எந்த மன்னன் காசு என்று அவளுக்கு அக்கறையில்லை. விரலும் நகமும் நூலும்தான் அவளுக்குத் தெரிகிறது. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாட்டை உவமை நயத்துக்காக மட்டும் படித்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி கிடைத்த கதை. காசு யாருக்குக் கிடைக்கிறது? உழுகிறவருக்கு, கிணறு வெட்டுகிறவருக்கு, மண் சுமக்கிறவருக்கு. அவர்களோடு அரசு பேசும் மொழி 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தெரிவித்துவிட்டாலோ, கண்ணாடிப் பெட்டி அட்டையில் ஊர்ப் பெயர் வரும், ஆண்டு வரும், பிறகு 'கண்டெடுக்கப்பட்டது' என்று ஒரு செயப்பாட்டுவினை. எழுவாய் கிடையாது. மேலே அந்தக் கப்பலைப் பற்றி எழுதும்போது நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.