சாரல் காற்றில் வரும் டிராகன்

ஆரியங்காவு கணவாய் வழியே ஜூன் மாதக் காற்று இறங்கத் தொடங்கினால் தென்காசியில் பேச்சே மாறிவிடும். குற்றால அருவியில் தண்ணீர் விழுகிறதா, சீசன் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். போக்கிமான் கோ ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் காற்று வேறொரு சேதியும் கொண்டுவருகிறது.

2016 ஜூலையில் வெளியாகி, டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஆட்டம் இது. கையில் போனோடு தெருவில் நடந்தால் திரையில் உயிரிகள் தோன்றும்; பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். 2017 டிசம்பர் முதல் நிஜ வானிலையும் ஆட்டத்துக்குள் வந்தது. மழை பெய்தால் நீர், மின்சார, பூச்சி வகைகள் கூடுதலாகத் தலைகாட்டும். காற்று பலமாக வீசினால் டிராகன் வகை. டிராட்டினி என்ற சின்ன நீலப் பாம்பை டிராகனைட்டாக வளர்க்க 125 மிட்டாய் வேண்டும்; ஒன்றைப் பிடித்தால் சாதாரணமாகக் கிடைப்பது மூன்றே மிட்டாய். காற்றடிக்கும் நாளின் அருமை இப்போது புரியும்.

ஆட்டம் பூமியைப் பெரிய கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டம் முழுவதற்கும் ஒரே வானிலையை மணிக்கொரு முறை நிர்ணயிக்கிறது. கட்டத்தின் ஒரு பக்கமே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான்; இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அதனால் ஐந்தருவிப் பக்கம் சாரல் நனைக்கும்போது திரையில் வெயில் காய்வதும், தலைகீழாக நடப்பதும் சகஜம். வானத்தைப் பார்க்காமல் திரையின் மூலையில் உள்ள வானிலைக் குறியைப் பார்ப்பதே சரி.

சில உயிரிகள் ஊரைப் பொறுத்தவை. இளஞ்சிவப்புப் பவளம் போன்ற கோர்சோலா வெப்பமண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான் திரியும். லண்டன்காரருக்கு எட்டாக்கனி, நமக்குத் தெருமுனையில் கிடைக்கும்.

உண்மையான அபூர்வம் ஷைனி, அதாவது நிறம் மாறிய உயிரி. கன்சோலில் ஆடும் மூல ஆட்டங்களில் இது 1999இல் அறிமுகமானது. அதன் பின் வந்த மூன்றாம் தலைமுறை ஆட்டங்களில் உயிரி தோன்றும் கணத்தில் ஓர் எண் பிறக்கும். அதை ஆட்டக்காரரின் அடையாள எண்ணோடும் மறைவான எண்ணோடும் சேர்த்துக் கணக்கிட்டால் 0 முதல் 65,535 வரை ஏதோ ஒரு விடை வரும். அது 8க்குக் கீழ் இருந்தால் ஷைனி. அதாவது 8,192க்கு ஒன்று. 2013 முதல் அந்த மூல ஆட்டங்களில் 4,096க்கு ஒன்று என்று தளர்த்தினார்கள். அப்படியானால் 4,096 உயிரிகளைப் பார்த்தால் ஒன்று நிச்சயமா? இல்லை. அத்தனை பார்த்தவர்களிலும் நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். போன தோல்விகளை ஆட்டம் நினைவில் வைப்பதில்லை. "இத்தனை நேரம் ஆடியாச்சு, இனி வந்துதான் ஆகணும்" என்ற நம்பிக்கைக்குக் கணக்கில் இடமே கிடையாது.

வானிலையும் நிலநடுக்கோடும் நம் பக்கம் இருந்தாலும் வரைபடம் நம் பக்கம் இல்லை என்பது என் வருத்தம். பந்துகள் வழங்கும் போக்கிஸ்டாப்கள் பலவும் இன்கிரஸ் என்ற முந்தைய ஆட்டத்தின் ஆட்டக்காரர்கள் முன்மொழிந்த இடங்கள். ஆட்டக்காரர் நிறைந்த பெருநகரங்களில் அவை அடுக்கடுக்காக இருக்கும். சிற்றூர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கு வழி உண்டு. ஆட்டத்தில் உயர்நிலையை எட்டியவர்கள் புதிய இடங்களைப் படத்தோடும் விவரத்தோடும் முன்மொழியலாம். வீடும் பள்ளிக்கூடமும் செல்லாது. ஊர் நூலகம், பூங்கா, பழைய கல்மண்டபம், தலைவர் சிலை போன்றவற்றை அனுப்பிப் பார்க்கலாம்.