பாட்டாவிலிருந்து தொடங்குங்கள்

டெக்னோபார்க் வேலைக்காகக் கழக்கூட்டத்தில் குடியேறிய தமிழ் வீடுகளில், சாயா நேரத்துப் பேச்சு சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விக்கு வரும்: “பிள்ளை ஒன்றாம் வகுப்பு. ஸ்கூலில் இங்கிலீஷும் மலையாளமும். நடுவே வீட்டில் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்தால் குழம்பிவிடாதா?” கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017-இல் வந்தது, ஆக, மலையாளம் எப்படியும் உண்டு. வீட்டில் தமிழும் சேர்ந்தால் பிள்ளை குழம்பாது. சொல்லப்போனால் அந்த மலையாளமே நமக்குக் கைகொடுக்கும். எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டு பிள்ளையோடு உட்கார்ந்தால் போதும்.

முதல் வேலை, 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டி ஒப்பிக்க வைப்பதை நிறுத்துவது. அதில் திருப்தி நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. ப, ட, ம மூன்றையும், அவற்றின் புள்ளி எழுத்துகளையும், ஒரு துணைக்காலையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா எல்லாம் வந்துவிடும். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் பாட்டாவும் (தாத்தாதான்) வந்துவிடுவார். பிறகு க, ர, ல சேர்த்தால் மரம், கடல், பகல், பால். எழுத்து தெரிந்த அன்றே சொல்லும் படிக்க முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த எழுத்தை அதுவே கேட்கும்.

எழுதச் சொன்னால் முதலில் காணாமல் போவது புள்ளி எழுத்துதான். ‘அப்பா’ ‘அபா’ ஆகும், ‘பட்டம்’ ‘படம்’ ஆகும். இதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். குழந்தையின் காதில் ‘அப்பா’ இரண்டு துண்டாகத்தான் விழுகிறது. தாளில் மட்டும் மூன்று எழுத்து. கை தட்டி விளையாடுங்கள். ‘அ’ என்றால் தட்டு, புள்ளி எழுத்து வந்தால் கையை மூடு, ‘பா’ என்றால் மறுபடி தட்டு. பென்சிலே வேண்டாம், தேசிய நெடுஞ்சாலை நெரிசலில் கார் நிற்கும்போதுகூட விளையாடலாம்.

அடுத்து ஒரு கேள்வி வரும். மலையாளம் படிக்கிற பிள்ளை கேட்டே தீரும்: “அங்கே க-வில் நாலு எழுத்து இருக்கு, இங்கே ஏன் ஒண்ணு?” நல்ல கேள்வி. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் ஒலி வன்மையாக இருக்கும்: கல், பக்கம். உயிரொலிகளுக்கு நடுவே தனியாக வந்தால் மெலியும்: பகல். மெல்லினத்துக்குப் பின்னாலும் மெலியும்: தங்கம். மலையாளத்திலும் ‘பகல்’ என்ற சொல்லை அந்த முதல் க-வால்தான் எழுதுகிறார்கள். வாய்தான் அதை மெலிக்கிறது. இதைக் காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

எழுத்துப் பிழை என்று நாம் பெரிதாகப் புலம்புவது ல-ள-ழ, ர-ற விஷயத்தில்தான். இங்கே கழக்கூட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. நாமே ‘மளை’ என்று சொல்லிவிட்டு ‘மழை’ என்று எழுதச் சொல்கிறவர்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி அந்த ழ-வைச் சுத்தமாகச் சொல்கிறார். சாயாக் கடையில் பழம்பொரி வாங்கும்போது கடைக்காரரின் ழ-வைக் கேட்கச் சொல்லுங்கள். காற்று, முற்றம் போன்ற சொற்களில் ற வரும் இடமும் மலையாள வகுப்பிலேயே பழகியிருக்கும்.

காலை வாருவது ந-வும் ன-வும். மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இதற்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லின் முதலில் ந. நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் ன. இன்னொரு உபாயம் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. ட-வுக்கு அடுத்து ண, த-வுக்கு அடுத்து ந, ற-வுக்கு அடுத்து ன என்று நிற்கின்றன அல்லவா? சொல்லுக்குள்ளும் அந்த ஜோடி பிரியாது: வண்டி, பந்து, கன்று. இதை முன்பே சொல்லியிருந்தால் நம்மில் பலர் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் இழந்திருக்க மாட்டோம்.

உகர, ஊகார வரிசைக்கு அவசரமே வேண்டாம். மலையாளத்தில் 1971 சீர்திருத்தம் உகரக் குறியைத் தனியே பிரித்து எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தது. தமிழக அரசு 1978-இல் ஏற்ற சீர்திருத்தம் ணா, றா, னை, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியதோடு நின்றது. கு, சு, து மூன்றும் இன்றும் மூன்று விதம். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, ணு, லு, று, னு ஒரு கூட்டம். மு, ரு, டு, ழு, ளு ஏறக்குறைய ஒரு கூட்டம். கு தனி ஆள். கூட்டம் கூட்டமாகக் காட்டுங்கள். கெ, கே, கை போல முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கிறவற்றையும் தள்ளியே வையுங்கள். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, நம்முடையவை போன்ற எழுத்து முறைகளில் எழுத்துகள் முழுதாகக் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்கிறது. ஒன்றாம் வகுப்பிலேயே முடிக்க நினைப்பது ஆங்கிலத்தின் 26 எழுத்தைப் பார்த்து நாம் போட்ட கணக்கு.

பிள்ளை தானாக எழுதும்போது பிழையோடே எழுதட்டும். ஒரு தாளில் ஒரு பிழையை மட்டும் எடுத்துப் பேசுங்கள். மற்றவை நாளைக்கும் இருக்கும். படிக்கப் புத்தகம் இல்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் கதைகள் இலவசம். சென்னைத் தூலிகா இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், சொல்லுக்கு அடியில் விரலை நகர்த்தியபடி.

எழுத்தைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் சகஜம். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை, அடிக்கடி ‘என்ன?’ என்கிறது, ஒலி விளையாட்டே பிடிபடவில்லை என்றால் காதைச் சோதித்துவிடுங்கள். பேச்சுக்கும் செவிப்புலனுக்குமான நிஷ் நிறுவனம் பக்கத்தில் ஆக்குளத்திலேயே இருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், ஆறு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் டியூஷன் வீண் செலவு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் பத்து நிமிஷம் போதும்.