வலிப்பு வந்தே 2 வருஷம் ஆச்சு... மாத்திரையை நிறுத்தலாமா? கவனிக்க வேண்டியவை என்ன?

புதுச்சேரி மூலக்குளத்தில் இருந்து கோரிமேடு ஜிப்மருக்கு சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்குபவர்களுக்கு ஒரு கட்டத்தில் அலுப்பு வரும். "இப்பதான் வலிப்பே வர்றதில்லையே, இனி எதுக்கு?" என்று தோன்றும். சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

வலிப்பு வராமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரைதான். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். 5 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பு இல்லாமல் இருந்தால், நிறுத்துவது பற்றி டாக்டர் யோசிப்பார். அதுவும் ஒரே நாளில் இல்லை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள்.

ஒரு வேளை மறந்துட்டா?

ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. குறிப்பாக ஃபெனிடாயின் அளவு சற்று கூடினாலே தலைசுற்றல், தள்ளாட்டம் வரும். பண்டிகை விடுமுறை வருகிறதா? ஒரு வாரத்துக்கு முன்பே மாத்திரை இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரதம் இருப்பவர்களும் வேளை தவறக் கூடாது. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், டாக்டரிடம் கேட்காமல் மாற வேண்டாம்.

உடம்பில் தடிப்பு வந்தால்?

கார்பமசெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடாயின் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் 'சூடு'னு விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாக இது உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையாக மாறும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு விஷயம். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால், 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில் பாதிப்பு ஏற்படலாம். பிரிட்டன் 2018-லேயே இதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அதற்காக, கர்ப்பம் தெரிந்ததும் பயத்தில் தாமாக நிறுத்துவது இன்னும் மோசம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் பேசினால் வேறு மருந்துக்கு மாற அவகாசம் கிடைக்கும். மாத்திரை விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் மறைத்து, புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்துப் போட்டு, கடைசியில் விட்டுவிடும் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும். ஃபெனிடாயினும் கார்பமசெபினும் அதன் பலனைக் குறைக்கும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைக் கவனியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள்.