ஊர் கூடிப் பார்க்கும் படம்

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள் நம் பெரியோர்கள். தேர் இழுக்க வடம் வேண்டும்; ஆட்கள் வேண்டும்; முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்களும் வேண்டும். ஊர் கூடிப் படம் பார்ப்பதற்கும் ஏறக்குறைய இவையெல்லாம் வேண்டியிருக்கின்றன. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மட்டும் அழையாமலே வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இக்காலத்தில் படத்துக்கு என்ன பஞ்சம் என்று நேயர்கள் கேட்கலாம். பஞ்சமே இல்லை. கூடத்தில் ஒரு படம் ஓடுகிறது, மாடியறையில் இன்னொன்று, பாட்டியின் கைபேசியில் மூன்றாவது. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கதைகளுக்குக் கண்ணீர் விடுகிறார்கள். அடுத்த வீட்டில் குடியிருப்பவர் யார் என்பதுதான் தெரிவதில்லை. ஆகையினாலேயே, தெருவாரோ பள்ளியாரோ ஒன்றுகூடி, ஆண்டுக்கு நாலு தடவையேனும் ஒரு நல்ல படத்தைப் பொதுவில் காட்டவேண்டும் என்கிறோம்.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. 1905-ஆம் ஆண்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே உத்தியோகஸ்தர், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, திருச்சியிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகக் காட்டி வந்தார். பிற்பாடு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டியவரும் அவரே. அவர் காட்டிய வழியில் வந்த டூரிங் கொட்டகைகளை, நேயர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள். தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டால் அதுவே அவருக்குச் சிம்மாசனம்.

இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ப் படங்களைப் பற்றி 1981-இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய கருத்தைக் கூறினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரு கலை நிகழ்ச்சியைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்பது அதன் சாரம். அங்கே ஒருவர் எங்கே உட்காருவது என்பதை நிர்ணயித்தது பிறப்பு அன்று, டிக்கெட்டின் விலை. எல்லா ஊர்களிலும் இது தடையின்றி நடந்தேறிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், நெடுங்காலம் அடைத்துக் கிடந்த ஒரு கதவைச் சில்லறைக் காசு தட்டித் திறந்தது என்பதில் சந்தேகமில்லை.

நாம் நடத்தும் பொதுக் காட்சிக்கோ டிக்கெட்டே இல்லை. ஆதலால் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம் என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். விலை போன இடத்தில் பழைய வரிசை ஓசையின்றித் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னால் பிரமுகர்களுக்கு நாற்காலி. அதற்குப் பின்னால் பாய். பாய்க்கும் பின்னால், மதிலோரத்தில் நின்றபடி, தெருக் கூட்டுகிறவரும், வீட்டு வேலை செய்கிறவரும், அவர்களுடைய குழந்தைகளும். அவர்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

ஆகவே, யந்திரத்தைத் தேடுவதற்கு முன் மூன்று காரியங்களை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இடம். தனியார் மாடியிலும் கோயில் முற்றத்திலும் எல்லோரும் கூசாமல் நுழைந்துவிட மாட்டார்கள். பள்ளி மைதானமே உத்தமம். இரண்டாவது, அழைப்பு. சுவரில் ஒட்டிய தாள் அதைப் படிக்கிறவரையும், கைபேசிச் செய்தி அந்தக் குழுவில் உள்ளவரையும் மட்டுமே எட்டும். வீடு வீடாகப் போய் அழையுங்கள். ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். அத்தெருக்காரர் இருவர் படத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலேயே இருந்தால் பாதிக் காரியம் முடிந்தது. மூன்றாவது, இருக்கை. எல்லோருக்கும் ஒரே ஜமக்காளம். முதியோர், கர்ப்பிணிகள், உடல் இயலாதவர்கள் ஆகியோருக்கு மட்டும் பக்கவாட்டில் நாற்காலிகள். தலைவருக்கும் ஜமக்காளந்தான். பொன்னாடை வேண்டியதில்லை.

இனி யந்திர விஷயம். 12 அடி அகலத்தில், ஏறக்குறைய 7 அடி உயரத்தில் ஒரு வெள்ளைத் திரை, இருநூறு பேருக்குப் போதும். பெருமைக்காக அகலத்தை 24 அடியாக்கினால் பரப்பு நாலு மடங்காகும். அதே ஒளி நாலில் ஒரு பங்காக மங்கிப்போகும். தரையில் உட்காருவோரின் தலை மறைக்காதபடி, திரையின் கீழ் விளிம்பு 4 அடி உயரத்தில் இருக்கட்டும். நான்கு மூலைகளையும் இறுகக் கட்டாவிட்டால், காற்று வீசுகையில் கதாநாயகனின் முகம் பாய்மரம்போல் உப்பும். ஒலிபெருக்கிகளைத் திரையின் இரு பக்கங்களிலும் வையுங்கள். முன்தினம் இருட்டியபின் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது மிக அவசியம். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணிக்குள் முடித்தும் விடவேண்டும்.

படத்துக்கு உரியவரின் அனுமதியையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் மட்டுமே பார்க்கும் பள்ளிக் காட்சிக்கு விலக்கு அளிக்கிறது. ஊராருக்கு அந்த விலக்கு இல்லை. வீட்டில் பார்ப்பதற்காகச் சந்தா கட்டிய படம், வீட்டில் பார்ப்பதற்கு மட்டுந்தான். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி குழந்தைகளுக்குப் போதிக்கும் நாம், பிறர் உழைப்பைக் கேளாமல் எடுத்துக்கொள்வது அழகன்று.

எந்தப் படத்தைக் காட்டுவது? முதற் காட்சிக்கு, சார்லி சாப்ளினின் 1921-ஆம் வருஷத்திய ‘தி கிட்’ படத்தைச் சிபாரிசு செய்வோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம், பேச்சில்லாத படம். பேரனும் பாட்டியும் ஒரே கணத்தில் சிரிப்பார்கள். காது கேளாதவருக்கும் ஒரு குறைவுமில்லை. இடையிடையே வரும் எழுத்துக்களை ஒரு மாணவி தமிழில் உரக்கச் சொல்லலாம். மௌனப் படக் காலத்தில் திரையருகே நின்று கதை சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். கால் மணி நேரம் பேசுங்கள். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947-இல் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கம் அமைத்து, படங்களைப் பார்த்து விவாதித்து வந்தனர். 8 ஆண்டுகளுக்குப் பின் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்து, உலகம் நம்மைத் திரும்பிப் பார்த்தது. நம் தெருவிலும் ஒரு ராய் இருக்கக்கூடும். ஆனால் முதலில் பேசச் சொல்லவேண்டியது தலைமையாசிரியரை அன்று, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை. தலைமையாசிரியர் தாமே பேசிவிடுவார்.

காட்சி சிறப்பாக நடந்ததா என்பதை அன்றிரவு எழுந்த கரகோஷத்தைக் கொண்டு அளக்கவேண்டாம். மறுநாள் காலையில் குப்பை வண்டியுடன் வரும் பெண்மணியிடம் நம் வீட்டுப் பையன் ஓடிச் சென்று, “அக்கா, அந்தக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அப்போது நீங்களும் அழுதீங்களா?” என்று கேட்கிறானா? அவர் வண்டியை நிறுத்திப் பதில் சொல்கிறாரா? அப்படியானால், அடுத்த காட்சிக்குத் தாராளமாக நாள் குறிக்கலாம்.