நோயுற்ற சிசுவின் வழிப்பயணம்

பிரசவம் நிகழும் இடம் வேறு. நோயுற்ற சிசுவுக்குரிய சிகிச்சை கிடைக்கும் இடம் வேறு. வளர்முக நாடுகள் பலவற்றின் நிலை இதுவே. சிற்றூர் வைத்தியசாலையிலே குறைமாதத்திற் பிறந்த குழவியொன்று மூச்சுவிட இடர்ப்படுமாயின், அதனைத் தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அவ்வழியில் அக்குழவிக்கு நேர்வது யாது என்பதனை, இந்திய நாட்டினை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மேற்கு வங்காளத்துப் புருலியா மாவட்ட வைத்தியசாலையில் 2003ஆம் ஆண்டு நோயுற்ற சிசுக்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவொன்று அமைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஏனைய மாவட்டங்களிலும் அத்தகைய பிரிவுகள் எழுந்தன. 2011ஆம் ஆண்டு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் அரசினர் திட்டம், பிறந்து 30 நாட்களுக்குட்பட்ட நோயுற்ற சிசுக்களை இலவசமாகக் கொண்டுசெல்லவும், மீள வீடு சேர்க்கவும் வழிவகுத்தது. இங்ஙனம் சேருமிடமும் ஊர்தியும் உளவாயின. ஆயின், ஊர்தி உண்டு என்பது கொண்டே சிசு நலமுடன் சேரும் என்று துணிதலாகாது. வழியிலே அதற்குப் பெரும்பகையாவது குளிர்.

சிசுவின் எடையை நோக்க அதன் தோற்பரப்பு மிகப் பெரிது, தோலோ மெல்லிது. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றலும் அதற்குப் பெரும்பாலும் இல்லை. அதன் உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை சென்ரிகிரேட்டு வரை இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 32 பாகையின் கீழ் இறங்கின் நிலை மிகக் கடுமையாகும். குளிர்ந்த உடல் தன்னை வெப்பமாக்கும் பொருட்டுக் குருதியிலுள்ள வெல்லத்தையும் ஒட்சிசனையும் விரைந்து செலவிடுகின்றது. வெல்லம் குறைய மூளை வாடும். ஒட்சிசன் குறைய மூச்சுத் தளரும். உடல் மேலும் குளிரும். வெப்ப நாடுகளிலும் இது நிகழ்வதே. ஈரந் துடையாத உடலும், திறந்த யன்னலின் காற்றும் அதற்குப் போதும்.

ஆதலின், புறப்படுமுன் செய்யற்பாலன நான்கு. உடலை வெப்பமாக்குதல் ஒன்று. மூச்சுவழியைச் சீராக்கி, வேண்டுமளவு ஒட்சிசன் கொடுத்தல் இரண்டு; அளவு மிகின் குறைமாதக் குழவியின் கண்களுக்குக் கேடு விளையும். குருதியோட்டத்தைச் சீர்செய்தல் மூன்று. குருதி வெல்லத்தைச் சோதித்துக் குறையை நிரப்புதல் நான்கு. இவற்றைச் செய்யாது விரைதல் காலத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றினும், உண்மையில் உயிரைப் பணயம் வைத்தலேயாம்.

வெப்பங் காக்கும் பொறி எங்கும் இராது. அஃது இல்லாவிடத்து உதவும் முறையொன்று 1978ஆம் ஆண்டிலே கொலம்பியா நாட்டின் போகோற்றா நகரிலே தோன்றியது. பொறிகள் போதாத நிலையிலே எட்கார் ரேய் சனாபிரியா என்னும் வைத்தியர், குறைமாதக் குழவியைத் தாயின் வெற்றுமார்போடு அணைத்துக் கட்டச் செய்தார். கங்காருவின் பெயரால் வழங்கும் இம்முறையைத் தந்தையும் பிற உறவினரும் மேற்கொள்ளலாம். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நிகழ்ந்து 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்விலே, பிறந்தவுடன் இம்முறையைப் பெற்ற எடை குறைந்த சிசுக்களுள் 28 நாட்களில் இறந்தோர் 100க்கு 12. ஏனையோருள் 100க்கு ஏறக்குறைய 16. அது வைத்தியசாலையுள் நிகழ்ந்த ஆய்வேயாயினும், வழிப்பயணத்திற்கும் அணைப்பு ஏற்றதே. மூச்சுக்கு இடையறாத துணை வேண்டும் சிசுவுக்கு மட்டும் பொறியும் பயிற்சி பெற்ற தாதியும் இன்றியமையாதன.

சேரவேண்டிய வைத்தியசாலைக்கு முன்னரே தொலைபேசியிற் சொல்லி, இடம் உண்டோ என அறிதல் வேண்டும். பிறந்த நேரம், எடை, கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதிய கடிதம் உடன்செல்லல் வேண்டும். இயலுமாயின் தாயும் உடன்செல்லல் வேண்டும். தாய்ப்பாலும் அணைப்பும் அவளிடத்தனவன்றோ!

இவையனைத்தினும் சிறந்த வழி மற்றொன்றுண்டு. குறைமாதப் பிரசவம் நேருமென்று முன்னரே அறியின், பிரசவத்தின் முன் தாயையே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல் நன்று. குழவியைக் கொண்டுசெல்லுதற்குக் கருப்பையினும் சிறந்த ஊர்தி பிறிதில்லை. அதற்குக் காலங் கடந்தவிடத்து நாம் நினைவிற் கொள்ளற்பாலது ஒன்றே: சிகிச்சை சேருமிடத்தில் தொடங்குவதன்று, புறப்படுமிடத்திலேயே தொடங்குவது.