ஒட்டகம் நடத்திய பாடம்

ஒட்டகம் ஒன்று பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு பாஷை கற்றுக்கொடுத்த கதையை நேயர்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு மாணாக்கர் பத்தொன்பது பேர் அந்த அதிசயத்தைத் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்களைத் திருத்தும் பாக்கியம் பெற்றவன் நான்.

விஷயம் இதுதான். 2019-ம் வருஷம் தமிழ்நாட்டில் வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாட புஸ்தகத்தில் ‘கடைசிப் பாடம்’ என்று ஒரு கதை இருக்கிறது. எழுதியவர் அல்போன்ஸ் தோதே என்னும் பிரெஞ்சுக்காரர். 1870-71-ல் நடந்த யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றுப்போய், அல்ஸாஸ் பிரதேசத்தை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. இனிமேல் பள்ளிக்கூடங்களில் ஜெர்மன் பாஷைதான் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. நாற்பது வருஷம் அந்த ஊரில் வேலை பார்த்த ஹாமெல் வாத்தியார், விசேஷ நாளில் உடுத்தும் நல்ல உடுப்பை அணிந்துகொண்டு, தம்முடைய கடைசிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகிறார். ஊர்ப் பெரியவர்கள் பின் பெஞ்சிகளில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். கல்நெஞ்சையும் கரைக்கும் கதை.

கடையில் விற்கும் விடைப் புஸ்தகம் ஒன்றில், வாத்தியார் பெயரின் முதல் எழுத்தாக ‘ஹெச்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸி’ விழுந்துவிட்டது. ஹாமெல் வாத்தியார் காமெல் வாத்தியார் ஆகிவிட்டார். ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்களுக்கு ஒட்டகம் என்று பொருள் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். படம் போட்டுக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஆனாலும் பத்தொன்பது பேரில் ஒருவருக்காவது, ‘ஒட்டகம் எப்படி ஐயா பாடம் நடத்தும்?’ என்று தோன்றவில்லை.

அச்சுக்கூடத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பரீட்சையில் நான் வேறொரு சோதனையும் செய்திருந்தேன். ‘பெரியவர்கள் ஏன் பின் பெஞ்சியில் வந்து உட்கார்ந்தார்கள்?’ என்பது வழக்கமான கேள்வி. அதைக் கொஞ்சம் திருப்பி, ‘பெரியவர்கள் வந்து உட்கார்ந்ததைக் கண்டதும் சிறுவன் பிரான்ஸின் மனம் எப்படி இருந்தது?’ என்று கேட்டு வைத்தேன். வகுப்பில் பாதிப் பேர் பழைய கேள்விக்கே பதில் எழுதினார்கள். அழகான கையெழுத்து, எழுத்துப் பிழை கிடையாது, கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமும் கிடையாது.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், கதையில் ஹாமெல் வாத்தியார் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவில்லை. ‘பாடம் சொல்லித்தர வேண்டிய நேரத்தில் உங்களை என் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட அனுப்பவில்லையா? மீன் பிடிக்கப் போக ஆசைப்பட்டபோதெல்லாம் விடுமுறை விடவில்லையா?’ என்ற பொருளில் தம்மையும் சேர்த்தே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். எனக்குப் பூச்செடி இல்லை. ஆனால் பதினைந்து வருஷமாக விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘காப்பி பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னவன் நான்தானே? விடைப் புஸ்தகம் செய்ததும் அதே காரியத்தைத்தான். என்னைவிடச் சற்று மலிவாகச் செய்தது, அவ்வளவே.

எங்கள் ஊர்ப் பக்கத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் உடையவர் அவதரித்த ஸ்தலம், ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஏரிப் பாசனம், நெல் வயல் என்பார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. விடியற்காலையில் நெடுஞ்சாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய தகப்பனாரோ தாயாரோ அந்தப் பஸ்ஸில் இருப்பார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் யாருமில்லை. ஆனால் ஆங்கிலத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையோ அபாரம். ‘இங்கிலீஷ் வந்தால் உள்ளே உட்கார்ந்து வேலை, வராவிட்டால் நின்றுகொண்டு வேலை’ என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார். அவரே மறு மூச்சில், ‘கதையும் பாட்டும் எதற்குங்க ஐயா? பேசக் கற்றுக்கொடுத்தால் போதாதா?’ என்றும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பேசுவதற்கு ஏதேனும் விஷயம் வேண்டாமா? விடையை உருப்போட்ட பிள்ளைக்குப் பேசுவதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. கதையை நிஜமாகப் படித்த பிள்ளைக்குத்தான் ஒரு அபிப்பிராயம் உண்டாகிறது. அபிப்பிராயம் உண்டானால் வாய் சும்மா இருக்காது.

ஆகவே மறு வாரம் முதல் வகுப்பின் நடைமுறையை மாற்றினேன். அர்த்தம் சொல்லாமல், நிறுத்தாமல், கதை முழுவதையும் ஒரே மூச்சில் படித்துக் காட்டுவது முதல் வேலை. பிறகு புஸ்தகத்தை மூடிவிட்டு, கதையைத் தமிழில் சொல்லச் சொல்வேன். ‘இங்கிலீஷ் வகுப்பில் தமிழா?’ என்று சக உபாத்தியாயர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். கதை புரிந்ததா என்பதைக் கண்டுபிடிக்க, பிள்ளை பயமில்லாமல் பேசும் பாஷையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக, கேள்விகளை அவர்களே தயாரிக்க வேண்டும். பதில் சொல்கிறவர் யாரானாலும், ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்ற ஒரே கேள்விக்குப் புஸ்தகத்தைத் திறந்து இடத்தைக் காட்டவேண்டும். பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதுவது. இரண்டு மார்க் கேள்விக்கு இரண்டே வாக்கியம்: முதலாவது கேட்டதற்கு நேரான பதில், இரண்டாவது அதற்குக் கதையிலிருந்து ஆதாரம். அதற்குமேல் எழுதினால் மார்க் கூடப் போவதில்லை, கை வலிதான் மிச்சம்.

‘எந்த வரியில்?’ என்று கேட்பது என் சொந்த யுக்தி அல்ல. இந்த ஊரில் பிறந்த மாணாக்கர் ஒருவரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகளில் சொல்வார்கள். அவர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் வாசித்துக்கொண்டிருந்தபோது, சாந்தோக்கிய உபநிஷத்தில் பகவானுடைய கண்களை வர்ணிக்கும் இடம் வந்தது. ‘கப்யாஸம்’ என்ற பதத்துக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறத்தை உவமையாகச் சொன்னாராம். மாணாக்கரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அழுததோடு நிற்கவில்லை. அதே பதத்தைப் பிரித்துக் காட்டி, சூரியனால் மலர்ந்த தாமரை என்று பொருள்படும் என்று நிரூபித்தார். ஒரு உவமையைப் பற்றி இவ்வளவு பெரிய தர்க்கம் நடத்திய ராமாநுஜருடைய ஊரில், ‘இந்த வரியில் வரும் அணி என்ன?’ என்பதற்கு ஒரு வார்த்தை விடையை உருப்போடுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

அணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பயந்து நடுங்கும் பகுதி அது. ஸிமிலி, மெடஃபர், அலிடரேஷன், ரைம் ஸ்கீம் என்று நீளமான பட்டியலைக் கண்டால் யாருக்குத்தான் பயமிராது? ஒரு நாள் தமிழாசிரியரை என் வகுப்புக்கு அழைத்து வந்தேன். அவர் ஐந்து நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிட்டார். ‘ஸிமிலி என்பது உவமை. மெடஃபர் என்பது உருவகம். அலிடரேஷனா? நம்முடைய மோனைதான். வரிக் கடைசியில் ஓசை ஒத்து வந்தால் இயைபு. இவ்வளவும் உங்களுக்கு என் வகுப்பில் தெரியும். இங்கே வந்ததும் மறந்துபோகிறதா?’ என்றார். வகுப்பே சிரித்தது. ஒரே பிள்ளை முதல் பீரியடில் மோனையில் கெட்டிக்காரனாகவும் மூன்றாவது பீரியடில் அலிடரேஷனில் மக்காகவும் இருந்து வந்திருக்கிறான். நடுவில் இருந்த சுவரை நாங்கள்தான் எழுப்பியிருந்தோம்.

‘கடைசிப் பாட’த்தை மறுபடி எடுத்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, ‘தாய்பாஷை போய்விட்டதென்று அழும் கதையை நாம் ஏன் ஸார் இங்கிலீஷில் படிக்கிறோம்?’ என்று கேட்டாள். அடுத்த முக்கால் மணி நேரம் நான் வாத்தியாராக இருக்கவில்லை. சண்டை விலக்குகிறவனாகத்தான் இருந்தேன். 1938-ம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்பும் 1965-ம் வருஷத்துக் கிளர்ச்சியும் தாமாகவே வந்து சேர்ந்தன. போதாக்குறைக்கு நானும் ஒன்றைச் சொல்லிவைத்தேன். அல்ஸாஸ் கிராமங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் இனத்தைச் சேர்ந்த ஒரு வட்டார பாஷை. பிரெஞ்சு அநேகப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷைதான். ‘அப்படியானால் ஹாமெல் வாத்தியார் சொன்னது பொய்யா?’ என்று ஒரு கட்சி. ‘கற்றுக்கொண்ட பாஷையும் சொந்தமாகலாம்’ என்று எதிர்க்கட்சி. மணி அடித்த பிறகும் வராந்தாவில் விவாதம் நடந்தது. அடுத்த பரீட்சையில் ஒட்டகம் தலைகாட்டவில்லை. இலக்கணப் பிழைகள் முன்னைவிட ஜாஸ்தி, மறைப்பானேன்? ஆனால் ஒருவர் விடையைப்போல் இன்னொருவர் விடை இல்லை.

இனி கிப்ளிங் விஷயத்துக்கு வருகிறேன். அதே புஸ்தகத்தில் ‘யந்திரங்களின் ரகசியம்’ என்ற அவருடைய பாட்டு இருக்கிறது. 1865-ல் பம்பாயில் பிறந்தவரானாலும், கிப்ளிங் மகாசயர் நம் சுதந்திரத்துக்கு நண்பர் அல்லர். ஏகாதிபத்தியத்தின் பெருமையைப் பாடியவர். இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். கவியின் அரசியலை ஒளித்துவைத்துப் பாட்டைக் கற்பிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 1911-ல் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கான ஒரு சரித்திரப் பாடநூலுக்காக எழுதிய பாட்டு அது. யந்திரங்களே நம்மிடம் பேசுகின்றன. பூமிக்குள்ளிருந்து வெட்டி எடுத்து, உலையில் உருக்கி, அடித்துத் தேய்த்துத் தங்களை உருவாக்கிய விதத்தைச் சொல்கின்றன. கொஞ்சம் தண்ணீர், கரி, எண்ணெய் கொடுத்தால் என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்கின்றன. பிறகு ஒரு எச்சரிக்கை: எங்களுக்கு அன்பு, இரக்கம், மன்னிப்பு எதுவும் தெரியாது, கை தவறினால் உயிர் போகும்.

இந்தப் பாட்டில் வழக்கமாகக் கேட்பது, யந்திரம் பேசுவதாகச் சொல்வது என்ன அணி என்பது. நானும் கேட்டேன். உயிரில்லாத பொருளுக்கு மனித குணம் ஏற்றிச் சொல்வது என்று பலரும் சரியாகச் சொன்னார்கள். கடைசி பெஞ்சியில் ஒரு பையன் மட்டும், ‘கை தவறினால் என்கிற இடம் அணி இல்லை ஸார், நிஜம்’ என்றான். ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்று பழக்கதோஷத்தால் கேட்டுவிட்டேன். அவன் புஸ்தகத்தைத் திறக்கவில்லை. ‘எங்கப்பா கையிலே இருக்கு’ என்றான்.

வகுப்பு நிசப்தமாகிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். இராத்திரி ஷிப்டில் எந்த மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் என்று ஒரு பெண் சொன்னாள். அவளுடைய அக்கா சொன்னதாம். யந்திரத்துக்கு மன்னிக்கத் தெரியாது, சரி. அதை ஓட்டச் சொன்னவருக்குமா தெரியாது என்று ஒருவன் கேட்டான். இந்தக் கேள்விக்கு எந்த விடைப் புஸ்தகத்திலும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ‘எழுதுங்கள்’ என்றேன். ஐந்து மார்க் கேள்விக்கு அன்றைக்கு அவர்கள் எழுதிய விடைகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆங்கிலம் அறியாத பெற்றோர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இராத்திரி சாப்பிடும்போது, ‘இன்றைக்கு என்ன கதை?’ என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும். நடுநடுவே ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி போடுங்கள். டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்குப் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

அந்தப் பையனின் தகப்பனார் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மார்க் விவரத்தைப் பார்த்துவிட்டு, ‘பையன் ஏதோ மிஷின் பாட்டு என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறான், அதை எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க ஸார்’ என்றார். தமிழில் வரிவரியாகச் சொன்னேன். முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘இதை எழுதினவர் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவருங்க?’ என்று கேட்டார்.

‘கம்பெனி இல்லை. லாகூரில் ஒரு பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவர்’ என்றேன்.

‘அங்கேயும் அச்சு மிஷின் ஓடுமில்லையா?’ என்று சொல்லிவிட்டு, இடது கையால் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.